பொட்டு வைத்த காம்பஸ்

என் கை நடுங்காது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நிலப்படம் வரைவது என் வேலை. வயல், வரப்பு, வாய்க்கால், கிணறு எல்லாவற்றையும் தாளில் கொண்டுவர வேண்டும். கிணறு என்றால் வட்டம். காம்பஸின் ஊசியை ஊன்றி, தலையை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், கோடு புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்துவிடும். எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. "சார் கை கையில்ல, மிஷினு" என்பார் பக்கத்து மேஜைக்காரர். அவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். எனக்கோ ஒவ்வொரு முறையும் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஏன் என்று அவரிடம் சொன்னதில்லை. ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் பதினெட்டு வருஷம் கழித்துத்தான் சொன்னேன்.

அவள் என் தங்கை. என்னைவிட ஒரு வயது சின்னவள். நான் ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டதால் இருவரும் தொண்ணூற்றொன்றில் ஒன்றாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை, அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு அம்மா ரோட்டோரம் உட்கார்ந்து மோர் விற்பாள். நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் டவுனுக்குப் போய், அவள் பெண்கள் பள்ளியிலும் நான் பையன்கள் பள்ளியிலும் படித்தோம்.

பரீட்சைக்கு முன்னால் அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பேரும் பாஸானா ரெண்டு பேரும் மேல படிங்க. நான் குறுக்க நிக்கல. ஃபெயிலானா வூட்டோட. இவன் கொல்லிக்கு வரட்டும். இவளுக்குக் கீழ்பென்னாத்தூருல கேட்டுக்கினே இருக்காங்க."

கீழ்பென்னாத்தூரில் பெண் கேட்டுக்கொண்டிருந்தது அப்பாவின் அக்கா. அத்தைக்கு ஒரே மகன். அவன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தங்கைக்கு டீச்சர் ஆக வேண்டும். ஆசை என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. வீட்டில் கோழிக்குக்கூட அவள் பாடம் நடத்துவாள். பிளஸ் டூ முடித்து டீச்சர் டிரெய்னிங் போவது என்று எட்டாவதிலேயே முடிவு செய்துவிட்டாள். மற்ற பாடங்களில் அவளுக்குப் பயமில்லை. கணக்குதான் மலை. அதிலும் இயற்கணிதம் தலைகீழாக நின்றாலும் ஏறாது. ஆனால் செய்முறை வடிவியல் என்று ஒரு கேள்வி வரும், பத்து மார்க். வட்டம் வரைந்து வெளியில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு இழுக்க வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுடைய நோட்டை அவர்கள் டீச்சர் அடுத்த செக்‌ஷனுக்கு எடுத்துப்போய்க் காட்டுவார்களாம். அந்தப் பத்தை நம்பித்தான் அவள் முப்பத்தைந்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

எனக்கும் அதே கணக்குதான். எனக்கு அல்ஜீப்ராவும் வராது, வடிவியலும் அவ்வளவு வராது. ஆனாலும் வரையும் படிகள் மனப்பாடம். காம்பஸ் சரியாகச் சுற்றினால் பத்தில் எட்டு நிச்சயம்.

காம்பஸ் சரியாகச் சுற்றினால் என்று சொன்னேன். அதுதான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன் தேரடித் தெருவில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி மஞ்சள் தகர டப்பா இரண்டு வாங்கி அப்பா ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். நான் என்னுடைய காம்பஸால் செருப்பு வாருக்கு ஓட்டை போட்டேன். பெஞ்சில் பேர் செதுக்கினேன். சோடா மூடியை நெம்பினேன். பப்பாளி மரத்தில் குறி பார்த்து எறிந்து பழகினேன். வட்டம் போடுவதைத் தவிர எல்லா வேலையும் அதற்குத் தெரியும். கடைசியில் தலையிலிருந்த திருகின் மரை தேய்ந்து, இரண்டு காலும் தொளதொளவென்று ஆடத் தொடங்கியது. மூன்று சென்டிமீட்டர் வைத்துச் சுற்ற ஆரம்பித்தால், பாதிச் சுற்றில் பென்சில் கால் மெல்ல விரியும். கோடு வந்து சேரும்போது புறப்பட்ட இடத்தைத் தாண்டி வெளியே நிற்கும், நத்தை ஓடு மாதிரி. புதிதாக ஒன்று கேட்டால் பழசு என்னாயிற்று என்று அப்பா கேட்பார். கேட்டுவிட்டு இடுப்பிலிருக்கும் பச்சை பெல்ட்டைக் கழற்றுவார். அதனால் கேட்கவில்லை.

தங்கையின் காம்பஸ் புத்தம் புதிதாக இருந்தது. மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்து வைப்பாள். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தோடு அதையும் படைத்து, தலையில் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைப்பாள். அதோடு விடமாட்டாள். ஒவ்வொரு பரீட்சை நாளும் குளித்துவிட்டு வந்து, சாமி படத்துக்குப் பொட்டு வைக்கும் கையோடு பேனாவுக்கும் காம்பஸுக்கும் வைப்பாள்.

"பொட்டு வெச்சா அது தானா சுத்துமா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"உனக்கும் வெக்கட்டுமா?"

"எனக்கு வேணாம் தாயே. பசங்க முன்னாடி எடுத்தா சிரிப்பானுங்க."

கணக்குப் பரீட்சை அன்று காலை. அவள் டப்பாவை சாமி அலமாரியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அம்மாவிடம் தலை பின்னிக்கொள்ளப் பின்கட்டுக்குப் போனாள். என் டப்பாவும் அதன் பக்கத்தில்தான் இருந்தது. முந்தின நாள் முழுக்க நான் வட்டம் போட்டுப் பார்த்திருந்தேன். பத்துக்கு மூன்றுதான் சேர்ந்தது. கொல்லையில் வெயிலில் குனிந்து களை பிடுங்கும் அப்பாவின் முதுகு கண்ணுக்குள் நின்றது. அந்த முதுகு என் முதுகாகிவிடும் என்று பயந்தேன். பயம் என்று சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

இரண்டு டப்பாவையும் திறந்தேன். அவள் காம்பஸை என் டப்பாவிலும் என்னுடையதை அவள் டப்பாவிலும் வைத்தேன். அதோடு நின்றிருந்தால்கூட ஏதோ அவசரத்தில் கை செய்த வேலை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். நான் நிற்கவில்லை. அவள் காம்பஸிலிருந்த கூரான குட்டிப் பென்சிலைக் கழற்றி என்னுடையதில் மாட்டினேன். அவளுடையதில் இருந்த பொட்டைச் சட்டை நுனியால் துடைத்தேன். அலமாரியில் சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது. இரண்டையும் தொட்டு, ஆடுகிற என் காம்பஸின் தலையில், அவள் வைப்பதுபோலவே சின்னதாக, நடுவில், பொட்டு வைத்தேன். மடக்கி வைத்தால் ஆட்டம் தெரியாது. பொட்டு இருப்பதால் சந்தேகமும் வராது. கை அன்றைக்கும் நடுங்கவில்லை.

சைக்கிளில் அவள் பின்னால் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். என் கட்டை விரல் சிவப்பாக இருந்தது. ஹேண்டில் ரப்பரில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நான் ம், ம் என்று மட்டும் சொன்னேன். பெண்கள் பள்ளி வாசலில் இறங்கியவள் போகாமல் நின்றாள்.

"அண்ணா, உன் காம்பஸ் ஆடுமே. பாத்து வரை. திருகு மேல கட்டை விரல வெச்சி அழுத்திப் புடிச்சிக்கோ. மொதல்ல லேசா ஒரு சுத்து சுத்திப் பாரு, சேந்துச்சுன்னா அப்புறம் அழுத்து."

"சரி."

"ரெண்டு பேருக்கும் ஒரே சென்டரா இருந்தா நானே போட்டுட்டு என் காம்பஸ உனக்குக் குடுத்திருப்பேன்."

"நேரமாவுது, போ" என்றேன்.

போய்விட்டாள். அப்போது கூப்பிட்டிருக்கலாம். முப்பதடி தூரம்கூட இல்லை. இரட்டைப் பின்னலும் வெள்ளை ரிப்பனும் கூட்டத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மிதித்தேன்.

மூன்று சென்டிமீட்டர் ஆரம் உள்ள வட்டம் கேட்டிருந்தார்கள். நான் வரைந்தேன். முதல் சுற்றிலேயே சேர்ந்தது. அவ்வளவு சுத்தமான வட்டத்தை அதுவரை என் கையால் போட்டதில்லை. துடைத்தும் காம்பஸின் மூட்டில் சந்தனம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. குனிந்து வரையும்போதெல்லாம் அந்த வாசனை வந்தது. தொடுகோடு இரண்டும் போட்டு முடித்து, நேரம் மிச்சமிருந்ததால் கோட்டை இன்னொரு தரம் அழுத்தினேன்.

மதியம் பரீட்சை விட்டதும் அவள் பள்ளி வாசலில் நின்றிருந்த கோலம் தூரத்திலேயே தெரிந்தது. முகம் வீங்கியிருந்தது. சைக்கிளில் ஏறியதும் சொன்னாள்.

"வட்டம் சேரல அண்ணா. அழிச்சி அழிச்சி வரைஞ்சேன். தாளு ஓட்டையாயிடுச்சு. வேற பக்கத்துல போட்டேன், அதுவும் சேரல. கடைசில வளையலக் கழட்டி வெச்சி சுத்தி இழுத்தேன். என் வளையலு மூணு சென்டிமீட்டர் இல்ல, கொஞ்சம் கம்மி. மையம் எங்கன்னும் தெரியல. அப்புறம் எல்லாமே தப்பாப் போயிடுச்சு."

அவள் அழுவது என் முதுகில் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் கழுவப் போனாள். போன இரண்டு நிமிஷத்தில் காம்பஸை மறுபடி மாற்றினேன். பென்சிலை மாற்றினேன். பொட்டையும் மாற்றினேன். திருட்டைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேனோ, மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் நினைத்தேனோ, இப்போது யோசித்தால் இரண்டாவதுதான் என்று தெரிகிறது.

திருடியதைவிடத் திருப்பி வைத்ததுதான் பெரிய பாவம் என்று எனக்கு அப்போது தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவள் நேராகப் போய் டப்பாவைத் திறந்தாள். காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஊசியை ஊன்றிச் சுற்றினாள். வட்டம் அச்சடித்த மாதிரி சேர்ந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் சேர்ந்தது. மூன்றாவதும் சேர்ந்தது. அவள் காம்பஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காம்பஸ் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "என் கைதான் நடுங்கியிருக்கு."

பேப்பரில் ரிசல்ட் வந்தபோது என் நம்பர் இருந்தது, அவள் நம்பர் இல்லை. கணக்கில் எனக்கு முப்பத்தெட்டு. அவளுக்கு இருபத்தொன்பது. இந்த இரண்டு எண்களையும் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய கணிதம் ஒன்றும் தேவையில்லை. அந்தப் பத்து மார்க் எங்கே இருந்திருக்க வேண்டுமோ அங்கே இருந்திருந்தால் அவள் பாஸ், நான் கொல்லையில்.

அக்டோபரில் மறுபடி எழுதலாம் என்று அவர்கள் டீச்சர் சொல்லியனுப்பினார்கள். அப்பாகூட அப்போது குறுக்கே நிற்கவில்லை. நானே விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"வேணாண்ணா. பயம் வந்துடுச்சு. அங்க போய் உக்காந்தா மறுபடி கை நடுங்கும்."

"நடுங்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பெல்ட் அடிக்குப் பயந்தா? அதுவும் உண்டு. ஆனால் அப்போதே பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்புகள் தொடங்கி, எனக்குப் புதுச் சட்டை தைத்தாகிவிட்டது. விண்ணப்பத்தின் கடைசி நாள் போயிற்று. அந்தத் தாளில் அம்மா மிளகாய் காயவைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கீழ்பென்னாத்தூரில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். நான் ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பில் சேர்ந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். புருஷன் நல்லவன், சோற்றுக்குக் குறைவில்லை, ஒரு பெண் குழந்தை. ஆனால் போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்ப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தை மூடியில் அளந்து ஊற்ற அவள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள். கற்பூரத் தட்டை நாத்தனாரிடம் கொடுத்துவிடுவாள். பொங்கலுக்கு வாசலில் பெரிய கோலம் போட மாட்டாள், நாலு கோடு இழுத்துவிட்டு வந்துவிடுவாள். ஊசியில் நூல் கோக்கப் புருஷனை உட்கார வைப்பாள். "என் கை நிக்காது" என்பாள், உயரம் இவ்வளவு, நிறம் இது என்று சொல்வதைப்போல. அந்த வீட்டில் எல்லோரும் அதை நம்பினார்கள். அவள் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவள் மகள், எனக்கு மருமகள், பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது போயிருந்தேன். வாசலில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. நிழலில் பாயைப் போட்டு மருமகள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மாமா, எனக்கு வட்டமே சேர மாட்டேங்குது. அம்மா கை மாதிரியே எனக்கும் வந்துடுச்சு."

தங்கை முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "நான் அன்னிக்கே சொன்னேன். அது என் கை. இவளுக்கும் அப்படியே எறங்கியிருக்கு. ஃபெயிலாயிட்டா இன்னா பண்றதுன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லண்ணா."

காம்பஸை வாங்கிப் பார்த்தேன். திருகு லேசாகக் கழன்றிருந்தது, வேறொன்றுமில்லை. பாக்கெட்டிலிருந்த சாவியின் முனையால் இறுக்கிக் கொடுத்தேன். மருமகள் சுற்றினாள். கோடு போய்ச் சேர்ந்தது.

"அம்மா, சேந்துடுச்சு! காம்பஸுதாம்மா ரிப்பேரு. கையில்ல!"

"உனுக்கு வேணா காம்பஸா இருக்கலாம்டீ" என்றாள் தங்கை. "எனக்குக் கைதான். அன்னிக்கி வூட்டுக்கு வந்து நானே போட்டுப் பாத்தேனே. காம்பஸு நல்லாத்தான் இருந்துச்சு."

மருமகள் இன்னும் நாலு வட்டம் போட வெள்ளைத் தாள் எடுத்துவர உள்ளே ஓடினாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. தொண்டையிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அன்னிக்கி நீ எடுத்துட்டுப் போனது என் காம்பஸு. நான் மாத்தி வெச்சிட்டேன். மதியம் நீ முகம் கழுவறப்ப திருப்பி வெச்சேன்."

அவள் கையிலிருந்த மல்லாட்டை அப்படியே நின்றது.

"பொட்டு இருந்துச்சே" என்றாள்.

"நான்தான் வெச்சேன்."

திட்டுவாள், முறத்தைத் தூக்கி எறிவாள், அழுவாள் என்று பதினெட்டு வருஷமாக எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் நடக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். புடவையில் கையைத் துடைத்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, வெயிலில் பார்த்தாள்.

"அப்போ என் கை நடுங்கலயா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சி சொல்லு. கொஞ்சங்கூடவா?"

"இல்லம்மா. ஒரு நாளும் இல்ல."

அவள் தலையாட்டினாள். குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது கொஞ்சம் அழுதிருப்பேன். எழுந்தாள். பாயில் கிடந்த மகளின் காம்பஸை எடுத்து மடக்கினாள். டப்பாவில் வைத்தாள். பாகைமானி, ஸ்கேல், ரப்பர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மூடியை அழுத்தினாள். கை நிதானமாக இருந்தது. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

உள்ளிருந்து மருமகளின் குரல் கேட்டது: "ஏம்மா, இப்பதான் போட்டுக்கினு இருக்கேன், பாக்ஸ ஏன் எடுத்தே?"

"மாமா போனதும் தரேன்" என்றாள் தங்கை.

பிறகு பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடினாள். சாவியைத் திருப்பினாள்.